அடிச்சு எழுதலாமுங்களா

அப்ப இன்னியோட சரிங்களா? இந்தக் கையெழுத்தப் போட்டா ஆராய்ச்சி முடிஞ்சுது, இனி வரவே மாட்டீங்களா? இருங்கக்கா, ஒக்காருங்க. சேர் ஆடும், செவுத்தோரமாப் போட்டுக்கங்க.

எங்க மாமியா ரேசனுக்குப் போயிருக்குது. இருங்க, எட்டிப் பாத்துட்டு வாரேன்... இல்ல, யாருமில்ல.

ஏனுங்கக்கா, கவருமெண்டு எதுக்குப் பணத்த நிறுத்துச்சு? புள்ளை பெத்தவிய மனசு எப்படி இருக்குதுன்னு கேக்கறதுக்கு மூணு வருசம் குடுக்கறேன்னாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? ஒரு வருசத்துலயே போதும்னுட்டாங்களா? ஓ... இந்தப் பக்கம் அந்தக் கஷ்டம் அவ்வளவா யாருக்கும் இல்லைன்னு வந்துச்சுங்களா. நாங்க சொன்னதக் கூட்டிப் பாத்துத்தானா.

ஐயோ.

இல்ல, ஒண்ணுமில்லீங்க. டீ வெக்கட்டுங்களா? வேண்டாமா. சரி.

கோவிச்சுக்காதீங்க. இந்த மல்லசமுத்திரத்துல நீங்க எத்தனை ஊட்டுக்குப் போயிருப்பீங்க? அத்தனை ஊட்டுலயும் மாமியா பக்கத்துல ஒக்காந்திருந்துச்சா இல்லையா? போன தடவை தூக்கம் வருதான்னு என்னையத்தான கேட்டீங்க? எனக்கு முந்தி எங்க மாமியா சொல்லுது, இவளா, இடி உளுந்தாலும் எந்திரிக்க மாட்டான்னு. நீங்க சிரிச்சீங்க. நானுஞ் சிரிச்சேன். அப்பறம் நீங்க கேட்டதுக்கெல்லாம் இல்லைங்க, இல்லைங்கன்னே சொல்லீட்டேன். வேற என்னத்தச் சொல்ல? என்ற ஊட்டுக்காரரு போர் போடற ரிக் வண்டியில ஒரிசாப் பக்கம் போயி நாலு மாசமாச்சு. போன்ல சொன்னா, கையில புள்ளை இருக்கறப்ப உனக்கென்னடி கொறைங்கறாரு. அவரையுந் தப்பு சொல்ல முடியாது, அந்த மிசின் சத்தத்துல பாதி காதுல உளுகாது.

கடைசியா ஒரு கேள்வி கேட்டீங்கள்ல, கொளந்தைய ஏதாச்சும் பண்ணீருவமோன்னு பயமா வருதான்னு. அதுலயும் இல்லைன்னுதான டிக்கு போட்டீங்க? அத அடிச்சு எழுதலாமுங்களா? நான் அஞ்சாவதோட நின்னவ, எனக்கொண்ணுந் தெரியாது. ஆனா அத மாத்திப் போட்டா கவருமெண்டு மறுபடி பணம் குடுக்காதுங்களா? மத்தவியளையும் தனியாக் கூப்புட்டுக் கேளுங்க, அவியளும் மாத்தித்தான் சொல்லுவாங்க.

பேப்பரெல்லாம் போயிருச்சா. ம்.

சரி, உடுங்க. கவருமெண்டுக்கு வேண்டாம், நீங்க மட்டும் கேட்டுக்கங்க. மனசுக்குப் பாக்கற டாக்டரு சேலத்துல இருக்கறாங்கன்னீங்கள்ல, என்னைய உங்க வண்டியில ஏத்திக்கறீங்களா? சீலைகூட மாத்தோணும்னு இல்ல, இப்படியே வாரேன். மாமியா வர்றதுக்குள்ள போயிரலாம்.

கொளந்தைங்களா? வேண்டாங்க, அது இங்க இல்லீங்க. காலையிலயே எதுத்த ஊட்டு சௌந்தர்யாக்காகிட்டக் கொண்டு போயி உட்டுட்டேன். நானே வந்து கேட்டாலும் குடுத்துறாதீங்கக்கான்னு சொல்லீட்டு வந்திருக்கறேன்.