மூன்று டார்ச் செல்கள்

மாலை ஆறரை மணி. சுருளிப்பட்டியிலிருந்து அருவிக்குப் போகும் வண்டிப்பாதை... மருந்துக்கும் ஆள் இல்லை.

நேற்று தேனி ரேடியோ வகுப்பில் கிரிட் பயாஸ் பாடம் முடிந்ததும் கரண்ட் போயிற்று. ஒரே மெழுகுவர்த்தியைச் சுற்றி ஐந்து பேர். வைகுண்டராஜ், மைக் செட் வைத்திருந்த தன் மாமா ஞானசிகாமணிக்கு நேர்ந்ததைச் சொன்னான். கேட்டபடி எழுதுகிறேன், என் காதில் பிழை இருக்கலாம்.

முத்துக்கருப்பன் காட்டுக்குப் போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. வழி தவறியிருந்தால் சத்தத்தைப் பிடித்து வரட்டும் என்று அவர் மனைவி மலையம்மாளும் அவள் தம்பி சுருளியாண்டியும் மாமாவை மைக் செட்டோடு வண்டியில் அந்தப் பாதைக்குக் கூட்டி வந்திருந்தார்கள். இருட்டுவதற்குள் கூப்பிட வேண்டும். ஒலிபெருக்கிக் குழாயிலோ வெறும் கரகரப்பு, குரல் எழவில்லை.

மாமா வரிசையாகப் பார்த்தார். வால்வுகள் எரிந்தன. பெரிய பேட்டரி தொண்ணூறு வோல்ட், சரி. வால்வைக் கட்டுக்குள் வைக்கும் சின்ன பயாஸ் பேட்டரி... நாலரை வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுகூட இல்லை. டார்ச்சிலிருந்த மூன்று செல்லையும் எடுத்து அதற்குப் பதிலாகக் கட்டினார். குரல் தெளிந்தது. கையிலிருந்த வெளிச்சம் போயிற்று.

மலையம்மாள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டாள். மகளைச் சொல்லித்தான் கூப்பிட்டாள்.

"ராமுத்தாய் அய்யா... இங்கன இருக்கோம், வாங்க."

மூன்று தடவை. பிறகு குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம். பாசி வாடை.

"வந்துட்டேன்..."

"மச்சான் குரல்தேன்," என்று சுருளியாண்டி இருட்டுக்குள் ஓடப் பார்த்தான்.

மாமாவுக்கு அப்போதுதான் உறைத்தது. குழாய் பேச வேண்டுமென்றால் மைக்கில் யாராவது பேச வேண்டும். மைக் மலையம்மாள் கையில். அவள் வாய் திறக்கவில்லை. மாமா மைக் வயரைப் பிடுங்கினார்.

"வந்துட்டேன்..."

முதல் வால்வைக் கழற்றினார். உள்ளங்கையில் கதகதத்தது.

"வந்துட்டேன்..." இன்னும் பக்கத்தில்.

மலையம்மாள் தொங்கிய வயரைப் பார்த்தாள். தம்பி கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, வயர் இல்லாத அந்த மைக்கில் சொன்னாள்.

"முத்துக்கருப்பா... அங்கனயே நில்லு."

அதுவும் குழாயில் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை.

மைக் இல்லை, முதல் வால்வு இல்லை, பெருக்கம் ஏது? வீட்டுக்கு வந்து இரண்டு முறை சர்க்யூட் படம் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம்தான் வருகிறது. நான் எதையோ விட்டிருக்க வேண்டும்.

விடிந்ததும் முத்துக்கருப்பனைப் பார்த்தார்கள். செத்து இரண்டு நாளுக்கு மேல் என்றார் டாக்டர். உடம்பெல்லாம் ஈரம். வண்டியிலிருந்து நாற்பதடியில், ஒரு நாவல் மரத்தில் சாய்ந்து...

நின்றுகொண்டிருந்தார்.