கனெக்டருக்குள் ஈரம்

டீ ஆறினால் பரவாயில்லை சார். பட்டறைக்காரன் எவனும் சூடாகக் குடித்ததில்லை.

வண்டியைப் பற்றிக் கேட்டீர்கள். என் மகளின் பைக்கில் ஃப்யூல் ட்யூனர் மாட்டிக் கொடுத்தவன் நான்தான். சீட்டுக்கு அடியில் சோப்புப் பெட்டி அளவில் இருக்கும். இன்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போகவேண்டும் என்பதை அதுதான் பார்த்துக்கொள்ளும். மழை பெய்தால் வண்டி இருமும், பிறகு நின்றுவிடும். இதற்கெல்லாம் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதில்லை. பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். ஒழுங்காக ஓடினால் கோளாறு அங்கேதான். கனெக்டருக்குள் ஈரம் இறங்கிப் பின்களில் பச்சை பிடித்திருக்கும். காயவைத்து, துடைத்து, கிரீஸ் தடவி, ரப்பர் வளையத்தைச் சரியாக உட்காரவைத்து மூடினால் தீர்ந்தது. அரை மணி நேர வேலை.

அத்தனையும் செய்தேன். வளையத்தை மட்டும் போடவில்லை.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது, புது பைக்குகளை ஓட்டிச் சோதிக்கும் வேலை. தாயில்லாப் பிள்ளை, ஒற்றை ஆளாக வளர்த்தேன். "மாசத்துக்கு ஒரு தடவ வந்துட்டுப் போறேன்பா" என்றாள். வந்துவிட்டுப் போக இவள் என்ன விருந்தாளியா? "சந்தோஷம்மா" என்றுதான் சொன்னேன்.

தன் வண்டியையே சரியாக்கத் தெரியவில்லை என்று அவளுக்கே தோன்றிவிட்டால் போதும், இங்கேயே இருந்துவிடுவாள். அவ்வளவுதான் என் கணக்கு.

மூன்று தடவை மழையில் நின்றது. "அப்பா, மறுபடி நின்னுடுச்சு" என்று போன் வரும். துண்டை எடுத்துக்கொண்டு ஓடுவேன். சின்னப் பிள்ளை மாதிரி நடுங்கிக்கொண்டு நிற்பாள். மறைப்பானேன், அந்த மூன்று நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பேட்டரி, எர்த் ஒயர், பிளக் எல்லாம் மாற்றிப் பார்த்தாள். "உங்க கை பட்ட எடத்தத் தவிர எல்லாத்தையும் பாத்துட்டேன்பா. எனக்குத்தான் ஒண்ணும் தெரியல போல."

"விடும்மா, எல்லாருக்கும் எல்லாமும் வந்துடுமா?" என்றேன்.

பிடிவாதக்காரி, விடவில்லை. வேலையில் சேரவேண்டிய நாளன்று தூறலிலேயே கிளம்பினாள். வளையம் என் சட்டைப் பையில்தான் இருந்தது. பத்து நிமிடம் நிறுத்தியிருந்தால் போட்டிருக்கலாம். "பாத்துப் போம்மா" என்று கையசைத்தேன். பாலத்தின் மேல் வண்டி நின்றது. பின்னால் லாரி. அந்த டிரைவர்மேல் தப்பில்லை, அவனை விட்டுவிடுங்கள்.

இடுப்புக்குக் கீழே அவளுக்கு உணர்ச்சி இல்லை. கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனாலும் நானே ஊட்டிவிடுகிறேன். என்னோடு பேசமாட்டாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டு கிடப்பாள். சாரல் அடிக்கிறதென்று அதையும் சாத்திவிட்டேன்.

போன வாரம் அவள் தோழி வந்தாள். பட்டறையில் கிடக்கும் வண்டியில் அந்த ஒரு இடத்தைத் திறந்து பார்க்கச் சொன்னாளாம் என் மகள். இந்தப் புகாரை எழுதி அந்தத் தோழியிடம் கொடுத்தனுப்பியதும் என் மகள்தான் என்கிறீர்கள். கையெழுத்து அவளுடையதுதான். ஏதோ கோபத்தில் எழுதியிருப்பாள், குழந்தைதானே.

செய்தது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். சீக்கிரம் முடியுங்கள் சார், கதவை வெளியே பூட்டிவிட்டு வந்திருக்கிறேன். நாலு மணிக்கு அவளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?