அவர் பேருள்ள கிருமி

பிரிக்பீல்ட்ஸில் கிள்ளான் ரயில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். இளையவள் நெற்றியில் பொட்டில்லை.

“எங்க வீட்டுக்காரரு நல்லா வளர்றாருன்னு ஆராய்ச்சி ஆபீஸ்ல டாக்டருங்க கூட்டத்துல பேசிக்கிட்டாங்களாம்க்கா. டீ குடுக்கப் போன தம்பி கேட்டிருக்கான்.”

நான் பத்திரிகையை மடித்தேன்.

“காய்ச்சல்ல போனவரையா?”

“அவரு ரத்தத்துல எடுத்த கிருமியாம். குழாய்க்குள்ள வச்சு, அதுக்கு அவரு பேரையே வச்சிருக்காங்க.”

“உசிரோடவா?”

“மாட்டுச் சூப்பு ஊத்தி வளக்கிறாங்களாம்.”

“அவருதான் கவிச்சியே தொடமாட்டாரே.”

இளையவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“அடுத்த மாசம் திவசம். பேரைச் சொல்லித்தானே கூப்பிடணும். அவரு வருவாரா, இல்ல அது வந்துடுமாக்கா?”