நாலு மாசம் பத்து நாளும் ஒரு திங்கட்கிழமையும்

இல்லை. அவள் இன்னும் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள்.

அக்கா வேலைக்குப் போயாச்சா என்று மேடைப்படி ஏறும்போது ஒருவர் கேட்டீர்கள். பதிலை வைத்துக்கொண்டு சலாம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இனிச் சொல்கிறேன்.

கூட்டத்தை நடத்தித் தரும் தலைவர் அவர்களே, பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லியும் உறவில் எனக்கு மாமுவுமான பெரியவர் அவர்களே, ஐந்து வேளையும் எங்களுக்கு முன்னால் நின்று தொழவைக்கும் ஹஜ்ரத் அவர்களே, வெற்றிலை மண்டியைப் பூட்டிவிட்டு முன்வரிசைக்கு வந்திருக்கும் மூத்தவர்களே, திரைக்கு இந்தப் பக்கம் தூங்கும் பிள்ளைகளோடு தூங்காமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி கேட்கும் பரமத்தி வேலூர் மக்களே, உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

எனக்குத் தந்த தலைப்பு, மார்க்கச் சட்டமும் மனித சுதந்திரமும். பெரிய தலைப்பு. மெட்ராஸில் எம்.ஏ. படிக்கிற பெண், ஏதாவது பேசட்டும் என்று கொடுத்திருக்கிறீர்கள். சுதந்திரத்தைப் பற்றி இரண்டு தாள் எழுதியிருக்கிறேன். மார்க்கும் வந்தது. இன்று அதிலிருந்து ஒரு வரிகூட எடுக்கப் போவதில்லை. என் அக்காவைப் பற்றிப் பேசப் போகிறேன்.

ஜைனம்பு. உங்களுக்குத் தெரிந்தவள். மச்சான் லாரி ஓட்டினார். நாக்பூர் போன வண்டி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. இன்று நாற்பத்தொன்றாவது நாள்.

வெளியே நிற்கும் ஊர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கணவன் இறந்தால் எங்களில் மனைவி நாலு மாசம் பத்து நாள் இத்தா இருப்பாள். மறுமணம் பேசக் கூடாது. அலங்காரம் கூடாது. கணவன் வீட்டிலேயே தங்க வேண்டும். அவ்வளவுதான் இத்தா. அக்கா அந்த இத்தா இருக்கிறாள். ஜன்னலைச் சாத்தி, கதவுக்குச் சேலை கட்டி, ஓர் அறைக்குள் இருக்கிறாள்.

இருபத்தெட்டாம் நாள் தபால் வந்தது. ஆறு வருஷமாக எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் பதிந்துவைத்த பெயர். புதுச்சத்திரம் பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை வேலை. பதினைந்து நாளுக்குள் சேர வேண்டும். கடைசி நாள், நாளை மறுநாள் திங்கட்கிழமை.

அக்கா வேலையில் சேரலாமா என்று கேட்க மாமுவிடம் போனேன்.

"நாலு மாசம் பொறுக்க முடியாதா? வேலை என்ன ஓடியா போயிரும்?" என்றார்.

"ஓடிப் போயிருங்க மாமு. ஆர்டர்ல தேதி போட்டிருக்காங்க" என்றேன்.

சிரிக்கிறீர்கள். மாமுவும் சிரித்தார். சிரித்துவிட்டு, "சட்டம்னா சட்டந்தாம்மா" என்றார்.

நான் கேட்கிறேன். எந்தச் சட்டம்? எந்தக் கிதாபு? எந்தப் பக்கம்?

(ஆமாங்க, கேட்கிறது. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு இதெல்லாம்"னு நாலாவது வரிசையிலிருந்து சொல்கிறீர்கள். இத்தா இருப்பது பொட்டப்பிள்ளைதானுங்களே. வேறு யாருக்குத் தெரிய வேண்டும்?)

கோபத்தோடு வீட்டுக்குப் போனேன். "யாரையும் கேக்காத. பஸ் ஏறிப் போயிரு. உன் வாழ்க்கை, உன் இஷ்டம்" என்று அக்காவிடம் சொன்னேன். எம்.ஏ. படித்தவள் அப்படித்தானே சொல்வாள்?

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். "இது அவருக்காக நான் இருக்கிற இத்தா. மாமு சொல்லி இருக்கல, மாமி சொல்லி இருக்கல. அல்லாஹ்வுக்குப் பயந்து, அவரை நெனச்சு இருக்கறேன். எனக்கு இதுல இருக்கவும் வேணும். புள்ளைங்களுக்காக வேலைக்குப் போகவும் வேணும். ரெண்டுல ஒண்ண விடச் சொல்ல நீ யாரு, அவங்க யாரு?"

தாய்மார்களே, என் சுதந்திரமும் அவளை ஒரு பக்கம் தள்ளத்தான் பார்த்தது. மாமு உள்ளே தள்ளினார். நான் வெளியே தள்ளினேன். அவள் என்ன கேட்கிறாள் என்று இருவருமே கேட்கவில்லை.

அடுத்த வீட்டுப் பாப்பாயி அன்றைக்கு வந்திருந்தார். கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவர். வாசலிலேயே நின்று சேலைத் திரையைப் பார்த்தார்.

"ஏஞ்சாமி, உங்க ஊட்லயும் இப்படித்தானா? எங்கூட்டுக்காரர் போனப்ப என்னையும் இப்படித்தான் மூலையில உக்கார வெச்சாங்க. உங்களுக்கு வேற சட்டம்னு இல்ல நெனச்சிருந்தேன்!"

பெரியோர்களே, அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. இந்த ஜன்னலை மூடியது வேதமா? ஊர் வழக்கமா? மக்காவிலிருந்து வந்ததா? மதில் தாண்டி வந்ததா? பக்கத்து வீட்டில் பார்த்ததை நம் வீட்டில் செய்துவிட்டு, அதற்கு இறைவனின் பெயரை வைத்துவிட்டோமா?

வியாழக்கிழமை ஹஜ்ரத்தின் வீட்டுக்குப் போனேன். அவர் பெட்டியிலிருந்து ஒரு கிதாபை எடுத்தார். அரபியில் வாசித்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"தலாக் ஆனவளுக்கு இத்தா முடியிற வரைக்கும் புருஷன் சோறு போடணும். அதனால அவ வெளியே போக வேண்டியதில்ல. புருஷன் மவுத்தானவளுக்கு யாரு போடுவா? அதனால அவ பொழப்புக்காகப் பகல்ல போகலாம். ராத்திரி அந்த வீட்லதான் தங்கணும்."

நூற்றுக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் எழுதியது. அவள் பசியை நினைத்த சட்டம். அவள் பிள்ளைகளை நினைத்த சட்டம். அவள் துக்கத்துக்கு இரவைக் கொடுத்து, அவள் பிழைப்புக்குப் பகலைக் கொடுத்த சட்டம். சட்டம் திறந்து வைத்த கதவை நாம் சேலை கட்டி மறைத்தோம். சட்டம் கொடுத்த பகலை நாம் பிடுங்கிக்கொண்டோம். பிடுங்கியதற்குப் பெயர் பக்தி என்றோம்.

"இதை ஜமாஅத்துல சொல்லுங்க ஹஜ்ரத்" என்றேன்.

அவர் கிதாபை மூடினார். "ஊரு ரெண்டாப் போயிரும்மா" என்றார்.

நான் அவரைக் குறை சொல்லவில்லை. முப்பது வருஷமாக இந்த ஊரை ஒன்றாக வைத்திருப்பவர். ஊர் உடைந்தால் வலி முதலில் அவருக்குத்தான். ஆனால் ஹஜ்ரத், ஊர் ஒன்றாக இருக்க ஒரு பெண் அறைக்குள் இருந்தாக வேண்டுமா?

(மணி அடித்துவிட்டீர்கள் தலைவரே. இரண்டே நிமிடம்.)

மாமு, உங்களை எதிர்த்து நான் இங்கே நிற்கவில்லை. நாக்பூரிலிருந்து நாமக்கல் வந்து சேர்ந்த மச்சானின் உடலை வீட்டுக்குக் கொண்டுவர ராத்திரியெல்லாம் அலைந்தவர் நீங்கள். அக்காவின் நன்மையைத்தான் நினைக்கிறீர்கள். நினைப்பது அவளுக்காக என்றால், அவளைக் கேளுங்கள் என்கிறேன்.

சட்டம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. முழுச் சட்டமும் வேண்டும் என்கிறாள். நமக்குப் பிடித்த பாதி போதாது என்கிறாள். வாசலை அடைக்கிற பாதியை மனப்பாடமாக வைத்திருக்கிறோம். வாசலைத் திறக்கிற பாதியை யார் சொல்வது? படித்த நான் சொன்னால் மெட்ராஸ் பேச்சு என்பீர்கள். பாப்பாயி சொன்னால் வேறு ஊட்டுப் பேச்சு என்பீர்கள். சொல்ல வேண்டியவர் இந்தத் திரைக்கு அந்தப் பக்கம், நாலடி தூரத்தில் இருக்கிறார். என் பேச்சு அவர் காதுக்கு எட்டுகிறது. அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் என் அக்காவின் காதுக்கு எட்டட்டும். அவள் வீடு மூன்றாவது தெருதான். ஒலிபெருக்கிக் குழாயை அந்தத் திசைக்கே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள்.

பொறுமையாகக் கேட்ட பெரியோருக்கும், பேச இடம் கொடுத்த தாய்மார்களுக்கும், பேசவிடாமல் குரல் கொடுத்துக் கடைசியில் அமைதியான நாலாவது வரிசைக்கும் என் நன்றி. எல்லோருக்கும் நல்ல பகலும் நல்ல இரவும் வாய்க்கட்டும். வஸ்ஸலாம்.

பேசி முடித்ததும் தங்கை ரஹிமா மைக்கைக் கழற்றித் திரைக்கு அடியில் அந்தப் பக்கம் நீட்டினாள். அதை வாங்கி ஹஜ்ரத்திடம் கொடுத்தார்கள். "ஜைனம்பு பகல்ல வேலைக்குப் போகலாம், மார்க்கத்துல தடை இல்ல" என்றார் ஹஜ்ரத். முத்தவல்லி எழுந்து வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் ரஹிமா அக்காவோடு நாமக்கல் போய், அங்கே பஸ் மாறிப் புதுச்சத்திரம் போனாள். அக்கா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டாள். அந்தி மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் முன் இருவரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். ரஹிமா கதவில் கட்டியிருந்த சேலையை அவிழ்த்துத் துவைக்கப் போட்டாள்.