குதிரைக்குட்டிக்கு நாள் குறித்தார்கள்

ஒரு வாரம் தள்ளிப்போட்ட பிறகு, மகனுக்குத் தடுப்பூசி போட விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். ஆமத்தூர் தாண்டியதும், முன் சீட்டில் இருந்த அக்கா தன் தம்பியிடம் பஸ்ஸுக்கே கேட்கும்படி சொன்னார்.

“ஏலே, உன் குதிரைக்குட்டிக்கு இன்னும் காயடிக்காம வச்சிருக்கிறது உன் வீராப்புக்குத்தாம்லே.”

“இரு யக்கா. காயடிச்சா கழுத்து திரளாது. இன்னும் கொஞ்சம் திரளட்டும். பந்தயத்துல வண்டி பூட்டி நின்னா ஊரே பாக்கணும்.”

“ஊரு பாக்குறது இருக்கட்டும். நேத்து பெட்டைக் குதிரையைக் கண்டதும் கயித்தை அத்துக்கிட்டு ரோட்டுக்கு ஓடுனானே, லாரியில அடிபட்டிருந்தா?”

“வயசு சரிதான்னு டாக்டரும் சொல்லிட்டாரு. ஆனா காயடிச்ச மறுநாள்ல இருந்து தினமும் நடத்தணுமாம், இல்லாட்டி வீங்கிருமாம். நான் லோடு ஏத்தப் போயிட்டா யாரு நடத்துவா? வேற ஆளைக் கிட்ட விடமாட்டான்.”

“தீபாவளி முடிஞ்சா எங்க வெடி கம்பெனி ஒரு மாசம் அடைப்பு. நான் நடத்துறேன்.”

“உன்னால முடியுமா யக்கா? அம்புட்டு வேகம் அவனுக்கு.”

“வெடிச் சத்தத்துக்கு மிரண்டு ஓடுனப்ப யாருலே புடிச்சு நிறுத்துனது? நீ வேலி மேல ஏறி நின்ன.”

பின்னால் சிரித்தார்கள். தம்பியும் சிரித்துக்கொண்டே டாக்டருக்குப் போன் போட்டான்.

“சார், தீபாவளி கழிச்சு மறுவாரம் காயடிச்சிருவோம். நடத்த ஆளு இருக்கு. எங்கக்கா சார். அவ புடிச்சா குதிரை என்ன, நானே நிப்பேன்.”