நான்காம் ரீலும் ஐந்தாம் ரீலும்

மர நாற்காலி போட்டீர்களே, அதற்கு நன்றி. படம் பார்க்கவும் இதுதான் ஏற்றது. மெத்தை இருந்தால் தூக்கம் வந்துவிடும்.

முப்பது வருடமாக எங்கள் திரைப்படச் சங்கத்தின் செயலாளர் நான். எங்களிடம் ஒரு பழைய கருப்பு வெள்ளைப் படம் இருக்கிறது. கை ஓடாமல் தவிக்கும் ஓர் ஓவியனின் கதை. மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி. அதில் அவன் ஓவியத்தை முடிக்கிறான். அடுத்த காட்சியிலேயே வெறும் கேன்வாஸின் முன் உட்கார்ந்து அழுகிறான். படைப்பு முடியும் இடத்தில் சூனியம் தொடங்குகிறது என்று இதைப் பற்றி முந்நூறு பக்கம் எழுதினேன். நான்கு பேர் அதை வைத்து டாக்டர் பட்டம் வாங்கினார்கள். படம் புரியாதவர்களுக்கும் என் புத்தகம் புரியாமலே பிடித்திருந்தது.

அன்று மாலைத் திரையிடலுக்கு இயக்குநரையே அழைத்திருந்தோம். எண்பத்தாறு வயது. மதியம் அவருக்கு மட்டும் ஒருமுறை ஓட்டிக் காட்டிவிட்டு ஆபரேட்டர் சாப்பிடப் போனார். பெரியவர் ப்ரொஜெக்டர் அறைக்கு ஏறி வந்து, ரீல் டப்பாக்களைப் பார்த்துச் சிரித்தார்.

"தம்பி, நாலும் அஞ்சும் இடம் மாறிப்போச்சு. பய முதல்ல திணறுறான், அப்புறம்தான் வரையிறான். அவ்வளவுதான் கதை. யாரு இந்த நம்பர் ஒட்டினது?"

கையெழுத்து என்னுடையது.

"பரவால்ல விடுங்க. சாயங்காலம் மேடையில சொல்றேன், எல்லாரும் சிரிக்கட்டும்."

யாரைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று அவர் யோசிக்கவில்லை. நல்ல மனிதர். ஆனால் தன் படத்தை இவ்வளவு மேலோட்டமாகப் புரிந்துகொண்ட ஒருவரை நான் பார்த்ததில்லை.

இரும்புப் படிகள் பதினேழு. இறங்கும்போது அவருடைய கைத்தடியை நான் வாங்கிக்கொண்டேன். வயதானவருக்கு எதற்குச் சுமை. பிறகு முதுகில் கை வைத்தேன். பலமாகக்கூட இல்லை.

மாலை நிகழ்ச்சி இரங்கல் கூட்டமானது. படத்தை முறைப்படி, அதாவது என் முறைப்படி, ஓட்டினோம். எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் உருக்கமாகவே பேசினேன். பேசும்போது அவருடைய தடியை ஊன்றி நின்றதை முன்வரிசையில் இருந்த அவருடைய மகள் பார்த்துத் தொலைத்தார்.

"அப்பா அந்தத் தடி இல்லாம ஒரு படி இறங்க மாட்டாரே," என்றார்.

ஆமாம், நான்தான் தள்ளினேன். எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: வாக்குமூலத் தாள்களை வரிசை மாறாமல் கட்டுங்கள். கைதட்டல் முன்னாலும் தள்ளியது பின்னாலும் வந்துவிட்டால், படிக்கிறவன் இல்லாத அர்த்தமெல்லாம் கண்டுபிடிப்பான்.