பெட்டிக்கு மூன்று வேளை மருந்து

உட்காரச் சொன்னதற்கு நன்றி, டாக்டர் ஐயா. முப்பத்தோரு வருடமாக நின்றுகொண்டே மருந்து கலக்கியவனுக்கு நாற்காலி கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

நேற்று நர்ஸ் பூங்காவனத்தை வேலையை விட்டு நிறுத்தினீர்கள். கம்ப்யூட்டருக்கு அவள் செட்டிகுளம் முருகன் கோயில் விபூதி பூசியது உண்மைதான். ஆனால் அது அதனால் சாகவில்லை. நல்ல பெண், என்னை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிடுவாள். அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தெட்டு சித்திரையில் அது நம் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது, இங்கே யாரும் அதை ஏற்க மாட்டார்கள் என்று பயந்தீர்கள். வீண் பயம். அதற்கு ஏ.சி. அறை என்று தெரிந்ததும் நர்சுகள் ஒரே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். ஆயா அம்மாக்கண்ணு கண்பட்டுவிடும் என்று பூசணிக்காய் சுற்றினாள். திருச்சியிலிருந்து வந்த ஆபரேட்டர் ராசாங்கம், பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

எனக்கும் அதன்மேல் வருத்தம் கிடையாது. முன்பெல்லாம் இன்னாருக்குப் போன தடவை என்ன மருந்து என்று என்னிடம்தான் கேட்பார்கள். எல்லாம் என் தலைக்குள் இருந்தது. பழைய நோட்டுகளை ராசாங்கம் ஏற்றி முடித்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைக் கேட்டார்கள். வேலை குறைந்தது. சந்தோஷம்தானே?

குரும்பலூர் பொன்னாயி காய்ச்சலோடு வந்த அன்று, நான் பென்சிலின் ஊசியைத் தயாராக எடுத்துவிட்டேன். பூங்காவனம் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தாள்.

"அண்ணே, போடாதீங்க. இந்தம்மாவுக்குப் பென்சிலின் ஒத்துக்காதாம். மூணு வருசத்துக்கு முன்னாடி ஒடம்பெல்லாம் தடிச்சுப் போயிருக்கு. பெட்டி சொல்லுது."

பொன்னாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏங்க கம்பவுண்டரே, அன்னிக்கும் நீங்கதானே போட்டீங்க? மறந்துட்டீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "பெட்டி மட்டும் இல்லேன்னா கெழவி போயிருக்கும்" என்றார் ஒருவர். நானும் சிரித்தேன். ஊசியைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலையில்தான் பெட்டிக்கு வயிறு சரியில்லை என்பதைக் கவனித்தேன்.

காதை வைத்துக் கேட்டேன். உள்ளே விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. முதுகைத் தொட்டால் சூடு. ராசாங்கத்திடம் சொன்னேன்.

"அது ஃபேன் சத்தம், பெரியவரே. அதுக்கு என்ன கேடு, நல்லாத்தான் இருக்கு."

நோயாளியைக் கூட்டி வருகிறவர்கள் முதலில் அப்படித்தான் சொல்வார்கள்.

வாய் முன்பக்கம் இருந்தது. ராசாங்கம் சதுரத் தகடு செருகுகிற அந்தப் பிளவுதான். காலை டீ, மத்தியானச் சாப்பாடு, சாயங்கால டீ என்று அவர் எழுந்து போகிற மூன்று வேளையும், நான் ஓமத் தண்ணீர் விட்டுக் கலக்குகிற ரோஸ் நிற வயிற்று மிக்ஸ்சரில் ஒரு சின்ன ஸ்பூன். குழந்தைகளுக்கான அளவுதான், வந்து மூன்று மாதம்தானே ஆகியிருந்தது? சிந்தாமல் இங்க் ஃபில்லரால் விட்டு, பஞ்சால் வாயைத் துடைத்துவிட்டேன். பாட்டிலில் அளவுக் காகிதம்கூட ஒட்டியிருந்தேன்.

இரண்டாம் நாள் பீப் என்று ஏப்பம் விட்டது. மூன்றாம் நாள் திரையில் கோடு கோடாக வந்தது. நான்காம் நாள் திருச்சியிலிருந்து மெக்கானிக் வந்து, பிரித்துத் துடைத்துக் காயவைத்து மாட்டினார். உள்ளே ஓம வாசனை அடிக்கிறது என்றார். விபூதி பூசியவள் என்று எல்லோரும் பூங்காவனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அது தப்பு, அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் பொறாமையில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். முப்பத்தோரு வருடத்தில் எந்த நோயாளிமேலும் நான் பொறாமைப்பட்டதில்லை. இதற்கும் வைத்தியம்தான் பார்த்தேன். கைமேல் பலனும் தெரிந்தது. ஐந்தாம் நாள் காலையில் உறுமல் தணிந்து, சூடு இறங்கி, திரை பளிச்சென்று இருந்தது. பூங்காவனம் முப்பது பேருடைய மருந்தைக் கேட்டாள். ஒன்று தவறாமல் சொன்னது. பூரண குணம்.

அன்று மத்தியானம்தான் முழுப் பாட்டிலையும் ஊற்றினேன்.